பதிலோடு கேள்வியையும் கோப்பில் வையுங்கள்

சட்டமன்ற உறுப்பினர்கள், அமைச்சர்கள், துறைச் செயலர்கள், இயக்குநர்கள் என மக்கள் நலக் கொள்கையை எழுதும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

உங்கள் மேசைக்கு வரும் ஆய்வறிக்கை எதுவாயினும், அது ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு, குறிப்பிட்ட மக்களிடையே, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கிடைத்த பதில். அது கோப்பில் ஏறும்போது பதில் மட்டும் ஒற்றை வரியாக மிஞ்சுகிறது. கேள்வி உதிர்ந்துவிடுகிறது, நிபந்தனையும் உதிர்ந்துவிடுகிறது. ஆய்வுக்கும் கொள்கைக்கும் இடையே நேரும் பிசகுகளில் பல இந்த உதிர்வில்தான் தொடங்குகின்றன. இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. காசநோயின் வரலாறே போதும். அதன் முக்கியமான அத்தியாயங்கள் சென்னையில் எழுதப்பட்டவை.

1950களில் காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம். தாம்பரத்தில் அந்தச் சொல் இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, செவிலியர் கவனிப்பு: இவை இல்லாமல் நோய் குணமாகாது என்று மருத்துவ உலகம் நம்பியது. ஆனால் 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, நோயைப் பரப்பக்கூடிய நிலையில் இருந்தோர் மட்டும் ஏறக்குறைய 15 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. நாட்டில் இருந்த காசநோய்ப் படுக்கைகளோ சில பத்தாயிரம். இந்த நிலையில்தான் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுவே.

மையத்தின் முதல் கேள்வி எளியது. ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தால், வீட்டில் இருப்பவரும் சானடோரியத்தில் இருப்பவரும் ஒரே அளவு குணமடைவார்களா? இருநூறுக்கும் குறைவான ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றனர். மற்றவர்கள் நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடு, முடிந்தவர்கள் வேலைக்கும் போய்க்கொண்டு மாத்திரை சாப்பிட்டனர். 1959இல் வெளியான முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இரு பிரிவிலும் குணமடைந்தோர் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை என்பது அடுத்து வந்த தொடர் ஆய்வுகளில் உறுதியானது.

கொள்கை வகுப்போர் இந்த முடிவைப் பயன்படுத்திய வேகம் பாராட்டத்தக்கது. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடித்தளமாகக் கொண்டது. கிடைக்காத படுக்கைக்காகக் காத்திருந்து இறக்கும் நிலை நோயாளிக்கு இல்லாமல் போனது. மற்ற நாடுகளும் சானடோரியங்களை மெல்ல மூடின.

அதே காலத்தில் பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனம் துமகூரு மாவட்டத்தில் வேறொரு கேள்வியைக் கேட்டது: சளியில் கிருமி உள்ளவர்கள் தங்கள் நோயைப் பற்றி என்ன செய்கிறார்கள்? 1963இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அவர்களில் பெரும்பாலோர் தமக்கு ஏதோ கோளாறு என்று அறிந்தே இருந்தனர். ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே சுகாதார நிலையப் படியேறியும் இருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு குப்பி இருமல் மருந்து. மக்கள் அறியாமையால் வரவில்லை என்ற அதிகாரிகளின் வழக்கமான சமாதானத்தை இந்த ஆய்வு உடைத்தது. ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி ஓட்டுவதைவிட, வாசலுக்கே வந்தவரின் சளியைச் சோதிப்பது முதல் வேலை என்று அது காட்டியது.

அமெரிக்க அறிஞர் கேரல் வைஸ் 1979இல் எழுதிய கட்டுரையில், கொள்கையில் ஆய்வு பயன்படுகிறது என்பதற்கு ஏழு வெவ்வேறு பொருள்கள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். பின்வந்தோர் அவற்றை மூன்றாகச் சுருக்கிச் சொல்வதுண்டு. ஆய்வு நேரடியாக ஒரு முடிவை மாற்றுவது முதல் வகை. வீட்டுச் சிகிச்சை அதற்கு உதாரணம். பிரச்சினையைப் பார்க்கும் கோணத்தை மாற்றுவது இரண்டாம் வகை. துமகூரு ஆய்வு செய்தது அது. மூன்றாம் வகை, முன்பே எடுத்த முடிவுக்கு ஆய்வைக் கேடயமாகப் பிடிப்பது, அல்லது முடிவெடுக்காமல் இருக்கக் குழு அமைத்துக் காலம் கடத்துவது. மூன்றாம் வகையை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். சாதகமான பத்தி வண்ண அட்டையோடு அச்சாகிறது. பாதகமான பத்தி அலமாரிக்குப் போகிறது. இந்தக் குறை எல்லோருக்கும் தெரிந்தது. இந்த மடல் எழுப்ப விரும்பும் குறை வேறு. நல்ல நோக்கத்தோடு, நேர்மையாக, உடனடியாக ஆய்வைப் பயன்படுத்தும்போதும் நேரும் தவறு அது.

சென்னை ஆய்வில் வீட்டில் சிகிச்சை பெற்றோர் தனியே விடப்பட்டவர்கள் அல்லர். வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். பணியாளர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வீட்டுக் கதவைத் தட்டுவார். மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணுவார். மருந்து உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் மாதிரி கேட்டு வாங்குவார். வராதவரைத் தேடிப் போவார்கள். ஆய்வு நிரூபித்தது இந்தக் கண்காணிப்போடு கூடிய வீட்டுச் சிகிச்சையை. திட்டம் நாடெங்கும் விரிந்தபோது வீடு உடன் சென்றது, மருந்து உடன் சென்றது, கதவைத் தட்டும் பணியாளர் உடன் செல்லவில்லை. அவருக்குச் சம்பளம் வேண்டும், சைக்கிள் வேண்டும், மாத்திரை எண்ண நேரம் வேண்டும். 1992இல் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரியவந்தது. கண்ணெதிரே மருந்து விழுங்க வைக்கும் முறை 1990களில் புதிய சர்வதேச உத்தியாகத் திரும்பி வந்தது. அதன் வேர் சென்னையிலேயே இருந்தது. மூன்று பத்தாண்டு முன்பே கையில் இருந்ததை நாடு வெளியிலிருந்து மறுபடி பெற்றுக்கொண்டது.

இரண்டாவது உதிர்வு இன்னும் ஆழமானது. சானடோரியத்தில் நல்ல உணவு, வீட்டில் குறைந்த உணவு, இருந்தும் குணம் ஒன்று. இதிலிருந்து கொள்கை உலகம் எடுத்துக்கொண்ட பாடம்: காசநோய்க்கு மருந்து போதும், உணவு முக்கியமில்லை. ஆய்வு கேட்டது அந்தக் கேள்வியே அல்ல. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் நோயாளியின் நுரையீரல் நோய் அடங்க உணவு வேறுபாடு தடையாக இருக்கிறதா என்பதே அதன் வரம்பு. உணவின்மையால் ஒருவர் நோய்க்கு ஆளாகிறாரா என்று அது கேட்கவில்லை. எலும்பும் தோலுமாக வரும் நோயாளி முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவாரா என்பதை ஆராயவும் அது திட்டமிடப்படவில்லை. கேட்கப்படாத கேள்விகளுக்கும் அந்த ஒரே பதில் போர்த்தப்பட்டது. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் தேசியத் திட்டம் வர 2018 ஏப்ரல் ஆனது.

மறுபாதிக் கேள்வியை ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 ஆகஸ்டு முதல் 2022 ஆகஸ்டு வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு கேட்டது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையில், சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்க, 2,800 நோயாளிகளும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் சேர்க்கப்பட்டனர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொட்டலம் தரப்பட்டது. வீட்டாரில் ஒரு பிரிவுக்கு மட்டும் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரை. விலையுயர்ந்த மருந்தோ புதிய தடுப்பூசியோ எதுவும் இல்லை. மளிகைக் கடையில் நிறுத்துக் கட்டிய பொட்டலம். 2023 ஆகஸ்டில் வெளியான முடிவின்படி, அந்தப் பொட்டலம் பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிடையே, சிகிச்சையின் தொடக்க மாதங்களில் எடை கூடியவர்கள் இறக்கும் வாய்ப்பு தெளிவாகக் குறைந்திருந்தது.

1959க்கும் 2023க்கும் இடையே 64 ஆண்டுகள். முதல் ஆய்வு பொய் சொல்லவில்லை. இரண்டாவது அதை மறுக்கவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் பதிலோடு அதன் கேள்வியும் கோப்பில் இருந்திருந்தால், அது எதைக் கேட்கவில்லை என்பது அன்றே எவர் கண்ணிலாவது பட்டிருக்கும்.

கசப்பான முடிவை எப்படிக் கையாள்வது என்பதற்கும் இங்கேயே பாடம் உண்டு. பிசிஜி தடுப்பூசி நாட்டில் பெரும் இயக்கமாகப் போடப்பட்டுவந்த காலத்தில், 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெற்றூசியோ குலுக்கல் முறையில் போட்டுப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களுக்கு அது பாதுகாப்புத் தரவில்லை என்றே முதல் முடிவும், 1999இல் வெளியான 15 ஆண்டு முடிவும் சொல்லின. அரசின் சொந்த இயக்கத்துக்கு எதிரான முடிவு அது; அதுவும் பொதுப்பணத்தில் கிடைத்தது. ஆயினும் மறைக்கப்படவில்லை. அதே சமயம் தடுப்பூசி மொத்தமாகக் கைவிடப்படவும் இல்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளின் சான்று இருந்தது. ஆகவே பிறந்த குழந்தைக்குப் போடும் ஊசியாக அது தொடர்கிறது. எந்த முடிவு எந்த வயதினருக்கு, எந்த வகை நோய்க்கு என்று பிரித்துப் படித்ததன் பலன் இது. கேள்வியைக் கோப்பில் வைத்திருந்தால் கொள்கை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இது நல்ல மாதிரி.

தாமதத்துக்கும் உதாரணம் உண்டு. 1997இல் விரிவடைந்த திருத்திய தேசிய காசநோய்த் திட்டம் வாரம் மூன்று நாள் மருந்து தந்தது. இயன்ற இடங்களிலெல்லாம் தினசரி மருந்தே மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் எல்லா நோயாளிகளுக்கும் தினசரி முறை வந்தது 2017இல். அதுவும் பொதுநல வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்த பின். கொள்முதல், மருந்து இருப்பு, பயிற்சி என நிர்வாகக் காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் ஒரு மருத்துவ முறையை மாற்ற நீதிமன்றம் தேவைப்பட்டது என்றால், மறுபரிசீலனை செய்யும் நாள் எந்த ஆணையிலும் குறிக்கப்பட்டிருக்கவில்லை என்றுதான் பொருள்.

இவை எல்லாம் கடந்த காலக் குறைகள் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. அவற்றைத் திருத்தும் நல்ல முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இப்போது நடக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரின் கையில் சில எளிய அளவீடுகளைக் கொடுத்தது. உடல் நிறை குறியீடு 14க்குக் கீழா? 14 முதல் 16க்குள் இருந்து கால் வீங்கியிருக்கிறதா? நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறாரா? ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டும். ஒரு எடைமேடை, உயரம் அளக்கும் நாடா, விரலில் மாட்டும் சிறு கருவி: இவ்வளவே செலவு. வீட்டுச் சிகிச்சை பெரும்பாலோருக்குச் சரி, மிக நலிந்தோருக்குப் போதாது என்ற வேறுபாட்டை அது மீட்டெடுத்தது. 1959இன் பதிலுக்கு அதன் எல்லைக்கோட்டைத் திரும்ப வரைந்த திட்டம் என்று இதைச் சொல்லலாம். இதில் ஆய்வாளரும் அதிகாரியும் தனித்தனியே நிற்கவில்லை. சென்னையின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து வடிவமைத்தன.

இப்போது உங்கள் முன் இருக்கும் சோதனை ஜார்க்கண்ட் முடிவை என்ன செய்வது என்பதே. ஒன்றிய அரசு 2024 நவம்பர் முதல் நோயாளிக்கான தொகையை மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தியது. எடை குறைந்த நோயாளிகளுக்குச் சத்துணவுக் கலவையும் அறிவித்தது. வீட்டாருக்கான உணவை நன்கொடையாளர் வழியே தர முனைகிறது. ஆய்வு வெளியான ஒன்றேகால் ஆண்டுக்குள் இவ்வளவு நடந்தது பெரிது. ஆனால் ஆய்வில் வீட்டாருக்கு உணவு மாதாமாதம் தவறாமல் போனது. நன்கொடையாளர் கிடைத்த வீட்டுக்குப் பொட்டலம், கிடைக்காத வீட்டுக்கு இல்லை என்றால், கதவைத் தட்டிய பணியாளரைக் கைவிட்ட கதை மறுபடி தொடங்கும்.

தமிழ்நாட்டில் கேள்வியும் சற்று மாறுகிறது. இங்கே அரிசி நியாயவிலைக் கடையில் இலவசம். துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய் விலையில். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஜார்க்கண்ட் ஆய்வு தந்தது ஆறு கிலோ பருப்பு. ஆகவே இங்கே பற்றாக்குறை அரிசியில் இருக்க வாய்ப்புக் குறைவு; பருப்பிலும் புரதத்திலும்தான் இருக்கக்கூடும். ஜார்க்கண்டின் பொட்டலத்தை அப்படியே நகலெடுப்பது ஒரு தவறு. ‘இங்கேதான் ரேஷன் இருக்கிறதே’ என்று தள்ளிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. காசநோயாளி வீடுகளில் எத்தனை பேர் எடை குறைந்தவர்கள், அட்டைக்கு ஐந்து கிலோ பருப்பு கூடுதலாகத் தந்தால் அது மாறுகிறதா என்று சில மாவட்டங்களில் படிப்படியாகத் தொடங்கி அளந்து பார்ப்பதே ஆய்வை மதிக்கும் வழி. கடை இருக்கிறது, அட்டை இருக்கிறது, நோயாளிப் பட்டியல் இருக்கிறது. மூன்றையும் இணைக்கும் ஆணை ஒன்றே பாக்கி.

உங்கள் தரப்பு நியாயங்களும் கேட்கப்பட வேண்டியவை. ஆய்வுக்கு மூன்றாண்டு ஆகும். மானியக் கோரிக்கைக்கு மூன்று வாரமே இருக்கும். ஆய்வுக் கட்டுரைகள் கட்டணச் சுவருக்குப் பின்னால், அலுவலர் படிக்க முடியாத நடையில் கிடக்கின்றன. ஒரு ஆய்வு ஒன்று சொல்ல, மற்றொன்று வேறு சொல்கிறது. ஆய்வு செலவைச் சொல்லும்; எந்தச் செலவு முதலில் என்று சொல்லாது. அந்த முடிவை மக்கள் உங்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள், ஆய்வாளரிடம் அல்ல. சான்று கிடைத்தவுடன் அரசியல் விலகிக்கொள்ள வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கப்படுவது முடிவின் காரணத்தைத் திறந்து வைப்பது மட்டுமே.

ஆகவே நான்கு கோரிக்கைகள். முதலாவது: ஆய்வை மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கோப்புக் குறிப்பிலும் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். ஆய்வு கேட்ட கேள்வி என்ன, யாரிடம் கேட்டது, எந்த ஏற்பாடுகளோடு அது வெற்றி பெற்றது, எதைக் கேட்கவில்லை என்று அதில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது: திட்டத்தை விரிவாக்கும் ஒவ்வொரு அரசாணையிலும் மறுபரிசீலனைத் தேதி ஒன்றைக் குறியுங்கள், அன்றைக்குப் புதிய சான்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு அலுவலரைப் பொறுப்பாக்குங்கள். மூன்றாவது: ஆய்வு வெற்றிபெறக் காரணமான ஏற்பாட்டைச் செலவு கருதி வெட்டும்போது, வெட்டியதை எழுத்தில் பதியுங்கள். பின்னால் பலன் குறைந்தால் குறை எங்கே என்று தேட அந்த ஒரு வரி உதவும். நான்காவது: சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில், முந்தைய ஆண்டு மதிப்பீடுகளில் சாதகமாக வந்ததையும் பாதகமாக வந்ததையும் ஒரே பக்கத்தில், தமிழில் தாருங்கள்.

இந்த நான்குக்கும் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. சில தாள்களும், ஒரு தேதியும், குறையை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் மனமும் போதும். அடுத்த மானியக் கோரிக்கைக்கான கோப்புகள் உங்களிடம் வரும்போது, ‘ஆய்வுகள் நிரூபித்துள்ளன’ என்று தொடங்கும் முதல் குறிப்பை அப்படியே கையெழுத்திட்டு அனுப்பிவிடாதீர்கள். எந்தக் கேள்விக்கு என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.